15 ஆண்டு பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒன்றிய அளவில் திட்டம் எழுதுவது எப்படி?

கொடிவேரி

வணக்கம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றுக்கு முன்மொழிவு தயாராகிறது. இடம், பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட ஓர் ஊராட்சி ஒன்றியம். நிதி தரும் கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) குழு மூன்று எண் கேட்கிறது: ஒன்றியத்தின் மொத்த மக்கள், அதில் குழந்தைகள், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். கைவசம் இருப்பது 2011 கணக்கு மட்டும். "வருசத்துக்கு ஒன்றரை சதவீதம் கூட்டிப் போடு" என்பதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். அது சரியா? இல்லையென்றால் வேறு வழி என்ன?

எண்சுவடி

சரியில்லை. அந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2001–2011 பத்தாண்டில் தமிழ்நாடு 15.6 சதவீதம் வளர்ந்தது. ஆண்டுக்கு என்று பிரித்தால் 1.46. அதை ஒன்றரை ஆக்கி 15 வருடம் ஓட்டினால் மாநில மக்கள்தொகை 9 கோடியைத் தாண்டிவிடும். 2011-ல் நாம் 7.21 கோடி. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2020-ல் வெளியிட்ட முன்கணிப்பில் 2021-க்குத் தமிழ்நாட்டுக்குச் சொன்னதே சுமார் 7.64 கோடிதான். ஆண்டுக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவே.

அதைவிடப் பெரிய தப்பு, எல்லா வயதுக்கும் ஒரே விகிதத்தைப் போடுவது. இங்கே பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது, முதியோர் கூடுகிறார்கள். 60 வயதுக்கு மேற்பட்டோர் 2011-ல் 10.4 சதவீதம், 2021-க்கான முன்கணிப்பில் 13.6. குழந்தைத் திட்டத்துக்கு ஒன்றரை சதவீதம் கூட்டினால் இல்லாத குழந்தைகளுக்குச் சத்துமாவு வாங்குவீர்கள். முதியோர் திட்டத்துக்கு அதே விகிதம் போட்டால் பாட்டிகள் வரிசையில் நின்று திரும்பிப் போவார்கள்.

இன்னொரு விஷயம். உங்களிடம் இருப்பது எந்த 2011? தற்காலிகக் கணக்கு, இறுதிக் கணக்கு என்று இரண்டு உண்டு. மொத்த மக்கள்தொகையில் வித்தியாசம் மிகச் சொற்பம். ஆனால் 0–6 வயதில் தமிழ்நாட்டின் தற்காலிக எண் 68.9 லட்சம், இறுதி எண் 74.2 லட்சம். ஐந்து லட்சம் குழந்தை வித்தியாசம்! எழுத்தறிவு விகிதமும் 80.33-லிருந்து 80.09 ஆக மாறியது. இணையத்தில் சுற்றும் பல பக்கங்கள் இன்னும் தற்காலிக எண்ணையே காட்டுகின்றன. தலைமைப் பதிவாளர் அலுவலகத் தளத்தில் உள்ள 'முதன்மை மக்கள்தொகைச் சுருக்கம்' கோப்பை மட்டும் எடுங்கள்.

கொடிவேரி

நன்றி. அந்தச் சுருக்கத்தில் 0–6 தான் இருக்கிறது. ஐந்துக்கு உட்பட்டது தனியாக இல்லையே?

எண்சுவடி

கிராம அளவில் கிடைக்காது. ஒற்றை வயது அட்டவணை (சி-13) மாவட்ட அளவில் கிடைக்கும். அதில் 0, 1, 2, 3, 4 ஐந்தையும் கூட்டி, 0 முதல் 6 வரையிலான மொத்தத்தால் வகுத்து, அந்தப் பங்கை ஒன்றியத்தின் 0–6 எண்ணில் பெருக்குங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் 0–6 என்றால் ஏழு வயது முடியாத எல்லாக் குழந்தையும், அதாவது ஏழு ஆண்டுப் பிறப்புகள். அங்கன்வாடியில் 0–6 என்றால் 72 மாதம் வரை, ஆறு ஆண்டுப் பிறப்புகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "அங்கன்வாடியில் 14 சதவீதக் குழந்தைகள் பதிவாகவில்லை" என்று அறிக்கை எழுதினால், அது ஏழில் ஒரு பங்கு வயதுவரம்பு வித்தியாசமாக மட்டுமே இருக்கலாம்.

இன்றைய எண்ணுக்கு 2011-ஐ நீட்டுவதைவிட பிறப்புகளைக் கூட்டுவது நல்லது. கடந்த ஐந்து ஆண்டின் பிறப்புகளை எடுத்து, சிசு மரணத்தைக் கழியுங்கள் (2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு ஆயிரத்துக்கு 13). ஆனால் பிறப்புப் பதிவு நடப்பது பிரசவம் நடந்த ஊரில். பெரிய மருத்துவமனை உள்ள நகரத்தில் எண் வீங்கும், கிராமத்தில் வற்றும். தாயின் நிரந்தர முகவரிப்படி பிரித்த பட்டியலை வட்டார சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள், பிக்மி (கர்ப்பிணிகளைப் பதியும் அரசுத் தளம்) பதிவில் அந்த முகவரி இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் ஒரே குழந்தை இரண்டு ஊர்ப் பட்டியலிலும் வரும். பிக்மி எண்ணை வைத்து இரட்டைப் பதிவை நீக்குங்கள்.

களத்துமேடு

இவ்வளவு சிரமப்பட்டு எதுக்குங்க அந்தப் பழைய கணக்கு? அங்கன்வாடிப் பதிவேடு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, வாக்காளர் பட்டியல் இருக்கு, பள்ளிக்கூடத்துல மாணவர் விவரம் பதியற எமிஸ் இருக்கு. எல்லாமே போன மாசம் வரைக்கும் புதுசு. ஊராட்சித் தலைவர்கிட்ட உக்காந்தா ஒரு மணி நேரத்துல வீட்டு எண்ணிக்கை வந்துடும். சென்சஸ் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு விட்டுடலாம்.

எண்சுவடி

நீங்கள் சொன்ன எல்லாமே ஏதாவது ஒரு சேவையைத் தேடி வந்தவர்களின் பட்டியல், களத்துமேடு. ரேஷன் அட்டையில் கல்யாணமாகிப் போன மகளும் இறந்துபோன தாத்தாவும் நீக்கும்வரை இருப்பார்கள். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பம் இருக்காது. வாக்காளர் பட்டியலில் 18-க்குக் கீழ் யாருமில்லை. எமிஸில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைதான் தெரியும், சேராத பிள்ளை தெரியாது. தொண்டு நிறுவனத்தின் வேலையே பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களிடம்தான். வெளியே எத்தனை பேர் என்று தெரிய, சேவையோடு சம்பந்தமில்லாமல் வீடு வீடாக எண்ணிய ஒரு மொத்தம் வேண்டும். அது மக்கள்தொகைக் கணக்கு ஒன்றுதான்.

அதற்காக அது பிசகாதது என்று சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்விலேயே ஆயிரத்துக்கு 23 பேர் நிகரமாக விடுபட்டதாகத் தெரிந்தது. 121 கோடிக்கு அது ஏறக்குறைய 2.8 கோடி. கிராமத்தைவிட நகரத்தில் விடுபடல் கூடுதல். இந்த 23-ஐ எடுத்து உங்கள் ஒன்றியத்தின் எண்ணைத் திருத்தாதீர்கள். ஒரு கிராமத்துக்கு அது பொருந்தாது.

நிதித்தாள்

களத்துமேடு சொல்லும் பட்டியல்களும் தேவைதான், ஆனால் அவை பின்னத்தின் மேல் எண், அதாவது சென்றடைந்தவர்கள். கீழ் எண், அதாவது மொத்தம், எங்கிருந்து வரும்? அதில்தான் முன்மொழிவுகள் அடிபடுகின்றன. "ஒன்றியத்தில் 112 சதவீதக் குழந்தைகளைச் சென்றடைந்தோம்" என்று வந்தால் மதிப்பீட்டாளர் முதலில் தோண்டுவது அங்கேதான். சராசரி சிஎஸ்ஆர் கடப்பாடு 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகள் ஒரு கோடி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு செய்தே ஆகவேண்டும் என்று 2021-ல் விதி வந்த பிறகு, இந்தக் கேள்வி சிறிய நிறுவனங்கள் வரைக்கும் இறங்கிவிட்டது. கீழ் எண்ணுக்கு எந்த ஆண்டு, எந்த அட்டவணை, எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு பத்தி எழுதி இணையுங்கள். அதுவே பாதிக் கேள்வியை அடைத்துவிடும்.

அரசிடம் கேட்கும்போதும் இதே கதை. ஆயிரம் கோரிக்கை மனுவைவிட ஒரு மக்கள்தொகை எண் வேலை செய்யும், ஏனென்றால் விதிகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. அங்கன்வாடிக்கு 400 முதல் 800 பேர், குறு அங்கன்வாடிக்கு 150 முதல் 400. துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000, மலையில் 3,000. ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் ஓர் இரவுத் தங்குமிடம். நகரம் 2011-ல் 90 ஆயிரமாக இருந்து இன்று ஒன்றேகால் லட்சமாகியிருந்தால், கோப்பில் அது 90 ஆயிரம்தான்.

தேசிய அளவில் இதன் பெரிய உதாரணம் உணவுப் பாதுகாப்புச் சட்டம். கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் என்பது 2011 கணக்கில் பெருக்கி 81 கோடி சொச்சத்தில் நின்றுவிட்டது. மக்கள் பெருகிய பிறகும் ஒதுக்கீடு நகரவில்லை. ஜான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 2020-ல் இப்படி வெளியே நிற்பவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணித்தார்கள். அந்த வாதம்தான் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. 2023 ஏப்ரலில், இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு) தளத்தில் பதிந்தும் ரேஷன் அட்டை இல்லாத சுமார் 8 கோடி பேருக்கு அட்டை கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொது விநியோகம் என்பதால் நமக்கு இதன் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை.

கொடிவேரி

எல்லை விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டம் பிரிந்துவிட்டது, ஒன்றியமும் வட்டமும் ஒன்றல்ல. எப்படிப் பொருத்துவது?

எண்சுவடி

2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. பழைய வேலூரின் 39.36 லட்சம் இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் சேர்த்த எண். அதை இன்றைய வேலூருக்கு மட்டும் போட்ட முன்மொழிவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாம் சுற்றும் (2019–21) பழைய 32 மாவட்டங்களின்படிதான் வந்தது. ஆகவே 'திருப்பத்தூர் மாவட்ட ரத்தசோகை' என்று அதிலிருந்து எண் எடுக்க முடியாது.

பொருத்தும் முறை:

1. உள்ளாட்சி விவரத் தொகுப்புத் தளத்தில் (எல்ஜிடி) உங்கள் ஒன்றியத்தின் ஊராட்சிகளையும் அவற்றோடு இணைந்த வருவாய் கிராமங்களையும் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 2011 கணக்கின் ஆறிலக்கக் குறியீடு இருக்கும்.

2. அந்தக் குறியீட்டை வைத்து மக்கள்தொகைச் சுருக்கத்தோடு எக்செல்லில் இணையுங்கள். ஊர்ப் பெயரை வைத்து இணைக்கவே கூடாது. ஒரே பெயரில் நாலு 'புதூர்' இருக்கும், எழுத்துக்கூட்டலும் ஊருக்கு ஊர் மாறும். குறியீட்டுப் பத்தியை 'எழுத்து' வகையாக வையுங்கள், இல்லையென்றால் பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடுகளில் அந்தப் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும்.

3. ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சியில் பிளந்து கிடந்தால், வீட்டுவரிக் கேட்பு எண்ணிக்கையின் விகிதத்தில் மக்களைப் பிரியுங்கள். எந்த கிராமங்களில் இப்படிச் செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

4. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் இரண்டாம் பகுதியில் உள்ள ஒன்றிய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் கையேட்டில் வட்டவாரியாக மட்டுமல்ல, ஒன்றியவாரியாகவும் அட்டவணை உண்டு. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

மொத்தம் ஒத்துவராவிட்டால் முதலில் 'கணக்கெடுப்பு நகரம்' உண்டா என்று பாருங்கள். 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை, இந்த மூன்றும் இருந்தால் கணக்கில் அது நகரம். ஆட்சியில் அது ஊராட்சியாகவே இருக்கும். தமிழ்நாட்டில் 2011-ல் இப்படி 376 ஊர்கள். கிராமக் கோப்பில் தேடினால் கிடைக்காது, நகரக் கோப்பில் தேட வேண்டும்.

மலையடிவாரம்

பழங்குடி எண்ணுக்குத் தனி எச்சரிக்கை. நரிக்குறவர், குருவிக்காரர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023 தொடக்கத்தில். ஆகவே 2011-ன் 7.95 லட்சம் பழங்குடியினரில் அவர்கள் கிடையாது. ஒன்றியத்தில் அவர்கள் குடியிருப்பு இருந்தால் வீடு எண்ணித் தனியாகக் கூட்டுங்கள். பட்டியல் சாதி எண்ணில் இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான், தலித் கிறிஸ்தவர்கள் அதில் வரமாட்டார்கள். தேவாலயத்தைச் சுற்றிய காலனியில் பட்டியல் சாதியினர் 'பூஜ்யம்' என்று வந்தால் திகைக்க வேண்டாம். இன்னொன்று, கிராமச் சுருக்கத்தில் 'ஆண்' என்ற பத்திக்குள்தான் திருநங்கை, திருநம்பியரையும் சேர்த்திருக்கிறார்கள். தனி எண் (தமிழ்நாட்டுக்கு 22,364) வேறு அட்டவணையில் இருக்கிறது. அதுவும் வெளிப்படையாகச் சொன்னவர்களின் எண்ணிக்கைதான்.

அடுத்தது பருவகால இடப்பெயர்வு. நம் கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடக்கிறது. அந்தக் காலம் முழுக்க ஒருவர் வெளியூரில் இருந்தால் அவரை அங்கேதான் எண்ண வேண்டும், சொந்த ஊரில் எண்ணக் கூடாது. பிப்ரவரி என்பது செங்கல் சூளையும் கரும்பு வெட்டும் உச்சத்தில் இருக்கும் மாதம். மலைக் கிராமத்தில் வீடு பூட்டியிருக்கும். சூளையிலோ, ஓலைக் கொட்டகையை வீடு என்று யாரும் எண் போட்டிருக்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் போவது இப்படித்தான். ஜவ்வாது, கல்வராயன் பக்கம் பணியாற்றும் அமைப்புகள் 2011 எண்ணைப் பார்த்து "ஊர் சின்னது" என்று முடிவுகட்டும் முன் குடும்ப எண்ணிக்கையை ஜூலை, ஆகஸ்ட்டில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

நிதித்தாள்

மாற்றுத்திறனாளி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-ல் தமிழ்நாட்டில் 11.8 லட்சம், 1.64 சதவீதம். அப்போது கேட்டது எட்டு வகை, 2016 சட்டத்தில் 21 வகை. நிதி தருபவர் உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அறிக்கையிலுள்ள 15 சதவீதத்தைக் காட்டி "ஏன் இவ்வளவு குறைவு?" என்பார். உடனே மக்கள்தொகையை 15 சதவீதத்தால் பெருக்கிக் கொடுக்காதீர்கள். 1.64-ஐக் குறைந்தபட்சம் என்று எழுதி, சொந்தக் கணக்கெடுப்பில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, சுயபராமரிப்பு, பேசிப் புரியவைத்தல் ஆகிய ஆறு கேள்வியைக் கேளுங்கள். "மிகுந்த சிரமம்" அல்லது "முடியவே முடியாது" என்பவர்களை மட்டும் எண்ணுங்கள். "கொஞ்சம் சிரமம்" என்பவரையும் சேர்த்தால் எண் மிகவும் வீங்கிவிடும்.

களத்துமேடு

சரி, ஒத்துக்கிறேன். ஆனா அடிப்படை ஆய்வுக்கு மாதிரி எடுக்கறப்ப 2011 கிராமப் பட்டியலே போதும்ல? எப்படியும் நேர்ல போய்த்தானே கேக்கப்போறோம்.

எண்சுவடி

போதும், எடையைத் (சராசரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் பங்கை) திருத்தினால். 30 கிராமங்களை அளவுக்கேற்ற வாய்ப்பில் (பெரிய ஊருக்குக் கூடுதல் வாய்ப்பு) எடுத்து, ஊருக்கு 20 வீடு என்பது வழக்கமான வடிவம். ஒன்றியத்தில் 30,000 வீடு என்றால், 30-ஆல் வகுத்து, தேர்வு இடைவெளி 1,000. 2011-ல் 200 வீடு இருந்த ஊர் தேர்வாகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஊர் அப்படியே இருந்தால் 200-ல் 20, பத்தில் ஒன்று. ஆக ஒவ்வொரு வீட்டுக்கும் 50-ல் ஒன்று. அதே ஊர் மனைப்பிரிவு போட்டு 600 வீடாகியிருந்தால் 600-ல் 20, முப்பதில் ஒன்று. பெருக்கினால் 150-ல் ஒன்று. எடையே போடாமல் சராசரி எடுத்தால் அந்த ஊரின் ஒவ்வொரு வீடும் மூன்றில் ஒரு பங்கு குரலோடுதான் பேசும். வளர்ந்த ஊர் என்றால் வாடகை வீடு, வெளியூர்த் தொழிலாளி, புதுக் குடித்தனம். உங்கள் திட்டத்துக்கு வேண்டியவர்களே அவர்கள்தான்.

ஆகவே தேர்வான ஊரில் முதல் நாள் வீட்டுப் பட்டியல் எடுங்கள், கேள்வித்தாளை அன்று தொடவே வேண்டாம். 300 வீட்டுக்கு மேல் போனால் 100–150 வீடுள்ள துண்டுகளாக வரைபடத்தில் பிரித்து, இரண்டு துண்டைக் குலுக்கி எடுங்கள். குடும்ப நல ஆய்வும் இதைத்தான் செய்கிறது. எந்தத் துண்டு என்பதைக் களப்பணியாளர் முடிவு செய்யக் கூடாது. செய்தால் எப்போதும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் துண்டுதான் வரும்.

வடமராட்சி

இலங்கையில எங்கட பக்கத்து அனுபவம் ஒண்டைச் சொல்லலாம், கணக்கு இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு. 1981-க்குப் பிறகு வடக்கு கிழக்கு முழுவதையும் எண்ணின குடிசன மதிப்பீடு (சென்சஸ்) 2012-ல் தான் நடந்தது. 2001-ல் நடந்தது 18 மாவட்டத்தில் மட்டும்தான் முழுமை. இடையில் 31 வருசம், அதுக்குள்ள யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி.

2009 தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டிருந்த சனத்தின்ர தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு எண்டு அரசு சொன்னது. முல்லைத்தீவு நிருவாகம் பெப்ரவரியில் கணிச்சது 3,30,000. கடைசியில் முகாமுக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 2,90,000 பேர். குறைச்சுச் சொன்ன தொகைக்கு ஏற்பத்தான் உணவும் மருந்தும் போனது எண்டதை ஐ.நா. நிபுணர் குழுவின்ர 2011 அறிக்கை பதிவு செய்திருக்கு. உதவி நிறுவனங்களிட்ட மாற்று எண் இருந்தும், நம்பகமான பழைய மதிப்பீடு ஒண்டு கையில் இல்லாததால மேசையில் வைச்சு வாதாடக் கஷ்டமாயிருந்தது. இப்ப 2024 மதிப்பீடு வந்திட்டுது. மீள்குடியேற்றப் பகுதியில வேலை செய்யிறவை, கிராம அலுவலர் பதிவை அதோட ஒப்பிட்டுப் பாக்க வேணும். இடம்பெயர்ந்த இடத்திலயும் சொந்த இடத்திலயும் ரெண்டு பதிவு உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கு.

மலையடிவாரம்

வடமராட்சி சொன்னது எங்களுக்கும் பாடம்தான். 2027 கணக்குக்கு இப்போதே செய்ய வேண்டியது நிறைய. முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரி. முதல் கட்டத்தில் எண் விழாத குடியிருப்பு இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் தப்பிப்போகும். உங்கள் பகுதியில் விடுபடக் கூடிய இடங்களை (சூளைக் கொட்டகை, உப்பளக் குடில், பாலத்தடி, புதிதாக வந்த இருளர் குடியிருப்பு) இருப்பிடக் குறியோடு ஒரே தாளில் எழுதி, கிராமப்புறம் என்றால் தாசில்தாரிடம், நகரம் என்றால் ஆணையரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள்தான் கணக்கெடுப்புப் பொறுப்பு அலுவலர்கள். பெயர்ப் பட்டியல் வேண்டாம், இடமும் தோராயமான குடும்ப எண்ணிக்கையும் போதும்.

சூளையில் உள்ளவர்கள் பயப்படுவது "எழுதிக்கிட்டுப் போய் என்ன பண்ணுவாங்களோ" என்று. 1948 கணக்கெடுப்புச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி தனிநபர் பதிவை யாரும் பார்வையிட முடியாது, இந்தச் சட்டத்தை மீறிய வழக்கு தவிர, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. 8-ஆம் பிரிவில் இன்னொரு சலுகையும் உண்டு: வழக்கத்துக்கு விரோதம் என்றால் மனைவி கணவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1948-ல் எழுதியவர்கள் நம் ஊரைத் தெரிந்தவர்கள்.

கொடிவேரி

இந்தமுறை கைபேசியில் தாங்களே பதியலாம் என்கிறார்களே, எங்கள் பணியாளர்கள் மக்களுக்குப் பதிந்து கொடுக்கலாமா?

மலையடிவாரம்

பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கலாம், அவர்களுடைய கைபேசியில், அவர்கள் விரலால். உங்கள் எண்ணைப் போட்டு நாற்பது குடும்பத்தை ஏற்றாதீர்கள், ஓடிபியைக் கேட்டு வாங்காதீர்கள், திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதிந்து முடித்ததும் வரும் அடையாள எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரேஷன் அட்டைக்குள் வைக்கச் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் காட்டினால்தான் பதிவு உறுதியாகும். கைபேசி இல்லாத வீட்டுக்கு அவர் எப்படியும் வருவார். அந்த வீடு அவருடைய பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.